1899 சிவகாசி கலவரம்: நெல்லையில் கோப்பு கிடைக்கவில்லை, ஆய்வுத் தலைப்பை மாற்றவா?

மாற்ற வேண்டாம். கலெக்டர் ஆபீஸில் தேடியது போதும், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். நெல்லை எக்ஸ்பிரஸை விட்டு இறங்கினால் நடக்கிற தூரம்தான். நெறியாளர் கடிதம் கையில் இருக்கட்டும்.

'எந்த அட்டவணையிலும் இல்லை' என்கிறீர்கள். தேடிய சொல்லில்தான் சிக்கல் இருக்கும். சிவகாசி இன்று இருக்கிற மாவட்டத்தை வைத்து விருதுநகர் என்று தேடினால் எப்படி வரும்? 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா பிரியும்வரை சிவகாசி நம்ம திருநெல்வேலிதான். அதையும் வெள்ளைக்காரன் 'டின்னவெல்லி' என்றுதான் எழுதினான். கலவரத்தில் தாக்கப்பட்ட நாடார்களின் சாதிப் பெயரும் அப்படியே: அரசுப் பதிவேட்டில் 'நாடார்' ஆனது 1921-இல், அதற்கு முன் பெரும்பாலும் 'சாணார்'. இன்று அது வசைச்சொல். ஆய்வேட்டில் மேற்கோள் குறிக்குள் மட்டும் வையுங்கள்.

முதலில், இதே போல நாடார்கள் சம்பந்தப்பட்ட 1895 கழுகுமலை மோதலை, நீதித்துறை அட்டவணையில் டின்னவெல்லி என்று போட்டுத் தேடுங்கள். அது அகப்பட்டால் 1899-க்கும் அதே வழி.

ஒன்று, கோப்பில் கேட்பது கலெக்டர், போலீஸ் குரல். அதனால் ஊர்க்காரர்களிடமும் பேசத்தான் வேண்டும். ஆனால் போன அன்றே ரெக்கார்டரை நீட்டாதீர்கள். நான் நீட்டினேன், கொடுத்த கருப்பட்டிக் காப்பி ஆறுமுன்னே எழுந்து வரவேண்டியதாயிற்று.