4294967297 பகா எண்ணா? இதில் அப்படி என்ன விசேஷம்?

பகா எண் இல்லை. 641 × 6700417. விடை மட்டும் போதுமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள், 3, 7, 11 என்று வகுத்துப் பார்த்து அலுத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான்.

பிளஸ் ஒன் படிக்கும்போது டியூஷன் வாத்தியார் பலகையில் 3, 5, 17, 257, 65537 என்று எழுதினார். 2-இன் அடுக்கில் 1, 2, 4, 8, 16 போட்டு 1 கூட்டினால் வருபவை. ஐந்தும் பகா எண்கள். "இப்படியே போனால் எல்லாமே பகா எண்தான், ஃபெர்மாவே சொல்லியிருக்கார்" என்றார். ஃபெர்மா 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித மேதை. அடுத்தது 2-இன் அடுக்கு 32 கூட்டல் 1, அதாவது நீங்கள் கேட்கும் இந்த 429 கோடிச் சொச்சம்.

வீட்டிலிருந்த கால்குலேட்டரில் எட்டு இலக்கம்தான் விழும். இதுவோ பத்து இலக்கம். எனவே ரஃப் நோட்டில் ஒவ்வொரு பகா எண்ணாகக் கையால் வகுத்தேன். 641 என்பது 116-வது பகா எண். அதை எட்ட நான்கு சாயங்காலம் ஆனது. 4294-ல் 6 போட்டால் மீதி 448, அப்புறம் 4489-ல் 7 போட்டால் மீதி 2. வழக்கம்போல இதுவும் போச்சு என்று நினைத்தேன். கடைசிப் படியில் மறுபடி அதே 448 வந்து நின்றது. 7-ஐ இறக்கினால் 4487. ஏழு தடவை 641, சரியாக 4487. மீதி பூஜ்யம்.

நோட்டைக் காட்டினேன். வாத்தியார் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபெர்மாவை விட நீ பெரிய ஆளா?" வகுப்பே சிரித்தது.

ஆய்லர் என்ற கணித மேதை 1732-லேயே இதை உடைத்துவிட்டார் என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும் என்பது அவர் பிடித்த நுணுக்கம். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே வகுத்தல்! எனக்கு வயிறு எரிந்தது. வாத்தியார் எழுதிய 3 முதல் 65537 வரையான அந்த ஐந்துக்குப் பிறகு, அந்த வரிசையில் இன்றுவரை இன்னொரு பகா எண் சிக்கவில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு நொடி வேலை என்று கமெண்டில் வருவீர்கள். தெரியும். நான் ஆய்லருக்குச் சமம் என்றும் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து பார்த்திருக்கலாமே என்றுதான்.

போன மாதம் எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கக் கணக்கிலும் இதே கதை. மொத்தம் 2,700 ரூபாய் இடித்தது. வித்தியாசம் 9-ல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். தேடினால் ஜெனரேட்டர் டீசல் 4,700 என்பது 7,400 ஆகியிருந்தது. செயலாளரிடம் சொன்னேன். "ஆடிட்டர் பார்த்துட்டார் சார்" என்கிறார்.