தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு எப்படித் தொடங்கியது? மதுரைப் பக்கம் கிராமத்துப் பிள்ளைகள் என்ன ஆய்வு செய்யலாம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பள்ளிகளில் மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மாடல் செய்து மேசையில் வைப்பது அறிவியல் கண்காட்சி. புதிய யோசனையை எழுதி அனுப்பி, தேர்வானால் 10,000 ரூபாய் பெற்று அதைச் செய்து காட்டுவது இன்ஸ்பயர் விருது. குழந்தைகள் அறிவியல் மாநாடு இந்த இரண்டிலும் சேராது. பிள்ளைகள் தங்கள் ஊரில் ஒரு கேள்வியை எடுத்து, அளந்து, எழுதி, கேட்பவர்கள் முன்னால் நின்று பதில் சொல்வதுதான் அது. தெர்மாகோல் எரிமலையோடு மாவட்ட மாநாட்டுக்குப் போகும் குழு முதல் சுற்றிலேயே வெளியேறுவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். 1980களில் மக்கள் அறிவியல் இயக்கங்கள் நாடெங்கும் வளர்ந்தன. 1987இல் பாரத் ஜன் விஞ்ஞான் ஜாத்தா என்ற கலைப்பயணம் பல மாநிலங்கள் வழியாகப் போய் போபாலில் முடிந்தது. அறிவியலை ஆய்வகத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற அந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான் இது. குவாலியரில் உள்ள ஓர் அறிவியல் மையம் மத்தியப் பிரதேச அளவில் குழந்தைகளுக்கான மாநாட்டைத் தொடங்கியது. அதை 1993இல் நாடு முழுவதற்குமாக விரித்தார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவு தந்தது, மாநிலங்களில் இயக்கங்கள் களத்தில் நின்றன. நம் மாநிலத்தில் அந்தப் பொறுப்பைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எடுத்துக்கொண்டது.

இயக்கத்தில் பிறந்த போட்டி என்பது அதன் விதிகளிலேயே தெரியும். 10 முதல் 17 வயது வரை உள்ள எந்தக் குழந்தையும் கலந்துகொள்ளலாம். பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைக்கும் இடம் உண்டு. தமிழிலேயே பேசலாம், எழுதலாம். விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஆரம்பத்தில் ஒரு குழுவில் 5 பேர் வரை இருந்தார்கள், பிறகு அதை 2 பேராகக் குறைத்தார்கள். ஐந்து பேர் வெயிலில் அலைந்தாலும் மேல் மட்டத்துக்குப் போய்ப் பேசியது குழுத் தலைவர் மட்டும்தான் என்பதால், இந்த மாற்றம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்புக்கு இரண்டு பேர் போதவில்லை என்பதும் உண்மை.

ஆய்வுகளுக்கு ஒரே கருப்பொருளை இரண்டு ஆண்டுகளுக்கு வைத்தார்கள். 2004-05இல் நீர் வளம், 2006-07இல் பல்லுயிர், 2010-11இல் நில வளம், 2012-13இல் ஆற்றல், 2014-15இல் வானிலையும் காலநிலையும். 2010இல் தேசிய மாநாடு சென்னையிலேயே நடந்தது. டிசம்பர் 27 முதல் 31 வரை தேசிய மாநாடு கூடுவது வழக்கமாக இருந்தது. அதற்கு முன்னால் மாநில மாநாடு, அதற்கும் முன்னால் மாவட்ட மாநாடு.

மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் காலக்கணக்கைத்தான். நமக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில். மாவட்ட மாநாடும் ஏறக்குறைய அப்போதே வந்துவிடும். மழையை நம்பி எடுக்கும் ஆய்வு பாதியில் நிற்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த கண்மாயில் செய்ய முடிவதை முதல் ஆண்டிலும், மழைக்குப் பிறகு கிணறு ஊறுவதை அடுத்த ஆண்டிலும் எடுப்பது புத்திசாலித்தனம்.

உதாரணத்துக்கு ஒரு கேள்வி: "கண்மாய் நிறைந்தும் பக்கத்துக் கிணறு ஏன் ஊறவில்லை?" மேலூர்ப் பக்கச் செம்மண்ணிலும் திருமங்கலம் பக்கக் கரிசலிலும் இதற்கு வேறு வேறு விடை வரும். கண்மாய்த் தரையில் படிந்த வண்டல் நீரை இறங்கவிடாமல் தடுக்கிறதா என்று பிள்ளைகளே அளந்துவிடலாம்.

நான்கு அங்குல பிவிசி குழாயை 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையை வெளிப்பக்கம் சரிவாக அரத்தால் தேய்த்தால் மண்ணில் எளிதாக இறங்கும். மேலே பலகை வைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு நேராக அடியுங்கள். சாய்ந்து இறங்கினால் ஓரத்தில் இடைவெளி விழும், தண்ணீர் அந்த வழியாகவே ஓடிவிடும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்டுங்கள். அடியில் ஒரு துணித்துண்டைப் போட்டு அதன் மேல் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுத் துணியை எடுத்துவிடுங்கள். நேரடியாகக் கொட்டினால் மண் கலங்கி, அந்தச் சேறே துளைகளை அடைத்துவிடும். அரை லிட்டருக்குச் சுமார் 6 செ.மீ. உயரம் நிற்கும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை மட்டத்தைக் குறியுங்கள். 2 செ.மீ.க்கு இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். காய்ந்த மண் முதல் கால் மணி நேரம் மடமடவென்று குடிக்கும். வெடித்துக் கிடக்கும் கரிசல் என்றால் கேட்கவே வேண்டாம், குடம் குடமாக விழுங்கும். அந்த எண்ணை வைத்து "கரிசலில் நீர் வேகமாக இறங்குகிறது" என்று எழுதினால் முடிவு தலைகீழாகிவிடும். கரிசல் நனைந்து உப்பியதும் வெடிப்புகள் மூடி, வேகம் படுத்துவிடும். அடுத்தடுத்த மூன்று அளவுகள் ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை விடாதீர்கள், சில இடங்களில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். கடைசி அரை மணியில் 12 மி.மீ. இறங்கினால் மணிக்கு 24 மி.மீ. என்று கணக்கிடுங்கள். கண்மாய்க்குள் மூன்று இடம், கரைக்கு வெளியே வயலில் மூன்று இடம் என்றாவது வேண்டும். முந்தின நாள் தூறல் விழுந்த இடத்தையும் விழாத இடத்தையும் ஒப்பிடக் கூடாது. குழாயின் அடியில் நீர் பக்கவாட்டிலும் பரவுவதால் உண்மையான அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். இதை அறிக்கையில் நீங்களே எழுதிவிட்டால் நடுவர்களுக்கு மதிப்பு கூடும்.

கிணற்று மட்டத்தை விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு எடுங்கள். கிணற்று விளிம்பில் பெயின்ட்டால் ஒரு குறி போட்டு, எல்லா நாளும் அதிலிருந்தே கல் கட்டிய கயிற்றை விடுங்கள். கயிற்றில் முடிச்சுப் போட்டு எண்ணாதீர்கள், நனைந்தால் நீளம் மாறும். ஈரம் பட்ட இடம் வரை டேப்பால் அளந்து, அங்கேயே நோட்டில் எழுதிவிட வேண்டும்.

அந்த நோட்டு அழுக்காக, அடித்தல் திருத்தலோடு இருக்கட்டும். வீட்டுக்கு வந்து அழகாகப் படியெடுத்த நோட்டை நடுவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். தேதி, நேரம், இடம், எடுத்தவர் பெயர் எல்லாம் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். பேசக் கிடைப்பது 8 நிமிடம். அதில் "நீர் இன்றி அமையாது உலகு" என்று தொடங்கி இரண்டு நிமிடத்தைத் தொலைக்க வேண்டாம், கேள்வியையும் கண்மாயின் பெயரையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். வழிகாட்டி ஆசிரியர் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்த பேச்சு, "இந்த அளவை எடுத்தபோது மண் ஈரமாக இருந்ததா?" என்ற ஒரு கேள்வியில் நின்றுவிடும். குழாயைப் பிடித்து உட்கார்ந்திருந்த பிள்ளை அதற்குத் தயங்காமல் பதில் சொல்லும்.