தாஜ்மகாலை நேரில் பார்க்கத்தான் வேண்டுமா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்துடன் தில்லி செல்கிறோம். தாஜ்மகாலைக் காலண்டரில் பார்த்துப் பார்த்தே அலுத்துவிட்டது. அதற்காக ஆக்ரா வரை போவது வீண் அலைச்சலா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. – மதுரை வாசகி

போய் வாருங்கள். ஆனால் காலண்டர் காட்சியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீங்கள் போகும் மாதத்தில் பனிமூட்டம் அதை மொத்தமாக விழுங்கிவிடக்கூடும். ‘விடியற்காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்’ என்ற அறிவுரை அக்டோபருக்குச் சரி. உங்களுக்கு வெயில் ஏறிய பிறகு போவதே உத்தமம். கூட்டத்தைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பனி மறைக்காததும் படத்தில் அகப்படாததும் ஒன்று உண்டு: சுவரில் இருக்கும் கல்பதிப்பு வேலை. ராஜஸ்தானின் மக்ரானா ஊர்ப் பளிங்கைக் குடைந்து, வண்ணக் கற்களை இதழ் இதழாகச் சீவிப் பொருத்தியிருக்கிறார்கள். ஒரே பூவில் நிறம் மெல்ல மங்கிக்கொண்டு போகும்; அது சாயமில்லை, வெவ்வேறு கல். ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தால்தான் அது புரியும். இதற்காகவே 50 ரூபாய் நுழைவுச்சீட்டோடு நிறுத்தாமல், கல்லறை மண்டபத்துக்கான 200 ரூபாயையும் கொடுத்துவிடுங்கள்.

மண்டபத்தின் உள்ளே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மங்கிய வெளிச்சம், பின்னால் நெருக்கும் கூட்டம். படம் எடுக்கவும் தடை. கண்ணில் படுபவை அடையாளக் கல்லறைகள்தாம், உண்மையானவை கீழ்த்தளத்தில் இருக்கின்றன. நட்டநடுவில் மும்தாஜ் இருக்க, ஷாஜகான் மட்டும் ஓரமாக இருப்பதைக் கவனியுங்கள். அத்தனை சமச்சீரான கட்டடத்தில் அது ஒன்றுதான் பிசகு!

வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. பனிக்காலத்தில் ரயில்கள் தாமதமாவது வழக்கம் என்பதால் அன்றே திரும்பும் திட்டம் வேண்டாம், ஆக்ராவில் ஓர் இரவு தங்குங்கள். வாகனங்களைத் தொலைவிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து வாயில்வரை அம்மாவுக்கு பேட்டரி வண்டி கிடைக்கும். பளிங்கு மேடைக்குப் படியேற வேண்டும். முடியாவிட்டால் அவர் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

மறுநாள் காலை யமுனையின் அக்கரையில் இருக்கும் இதிமாத்-உத்-தௌலா கல்லறைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1622–28இல் நூர்ஜகான் தன் தந்தைக்காக எழுப்பியது. அவர் மும்தாஜுக்குத் தாத்தா. சிறிய கட்டடம்தான், கூட்டமும் குறைவு. தாஜில் பார்த்த கல்பதிப்பு வேலைக்கு முன்னோடி இதுவே. இங்கே நிதானமாக நின்று பார்க்கலாம்.