புதுக்கோட்டையை ஒரே நாளில் சுற்ற: கேளுங்கள், சொல்கிறேன்

கே: திருச்சியிலிருந்து வேனில் வருகிறோம் அண்ணா. நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் நான்கும் ஒரே நாளில் முடியுமா?

ப: விடியற்காலையில் கிளம்பினால் முடியும். முதலில் நார்த்தாமலை. வெயில் ஏறுவதற்குள் மலைமேல் உள்ள விஜயாலய சோழீச்சரம் கோயிலைப் பார்த்து இறங்கிவிடுங்கள், மொட்டைப் பாறை, நிழலே கிடையாது. அடுத்து சித்தன்னவாசல். குடுமியான்மலையில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்விட வேண்டும். திருமயம் கோட்டை சாயங்காலம்.

கே: சித்தன்னவாசல் ஓவியம் மகேந்திர பல்லவன் காலத்தது என்று பள்ளியில் படித்தேனே?

ப: நாங்களும் அப்படித்தான் படித்தோம். ஆனால் அங்கே பாறையிலேயே ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அறிவர் கோயிலை, அதாவது ஓவியம் இருக்கும் இந்தச் சமணக் குடைவரையை, புதுப்பித்து முன்னால் முகமண்டபம் எடுத்தான் என்கிறது. அதாவது 9-ஆம் நூற்றாண்டு. விதானத்தை நிமிர்ந்து நிதானமாகப் பாருங்கள். தாமரைக் குளத்தில் மீன், யானை, எருமை, நடுவே பூப்பறிக்கும் ஆட்கள். ஃபிளாஷ் வேண்டாம், தயவுசெய்து.

கே: வயதான அம்மா வருகிறார். மலை ஏறலாமா?

ப: ஓவியக் குகைக்குப் படிகள் கொஞ்சம்தான். சமணர் படுக்கை உள்ள ஏழடிப்பட்டம் வேண்டாம். எதுவானாலும் காலையிலேயே.

கே: குடைந்தது பல்லவன், வரைந்தது பாண்டியன் என்று வைத்துக்கொள்ளலாமே?

ப: விடமாட்டீர்கள் போல! புதுப்பித்தான் என்றால் குடைவரை முன்பே இருந்தது, அது சரி. ஆனால் முதலில் குடைந்தவன் பெயரை அந்தக் கல்வெட்டு சொல்லவில்லை. பல்லவன் என்பது ஊகம்.

கே: அப்படியானால் அங்கே தூண் ஓவியத்தில் கிரீடத்தோடு நிற்பது யார்?

ப: பக்கத்தில் பெயர் எழுதி வைக்கவில்லை. கல்வெட்டை வைத்துப் பார்த்தால் பாண்டியன் என்பதே பொருந்தும். மகேந்திரன் கட்சிக்காரர்கள் சான்றோடு வாருங்கள், பேசலாம்.

கே: பதினொரு மணிக்கு நார்த்தாமலை ஏறலாமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். கோயிலில் செருப்பைக் கழற்றியதும் பாறைச் சூடு புரியும்.

கே: குடுமியான்மலையில் என்ன விசேஷம்?

ப: கிரந்த எழுத்தில் ஒரு பாறை முழுக்க இசைக் கல்வெட்டு. ஏழு பகுதிகளாக ஸ்வரங்கள். தேடிக் கேட்டுப் பாருங்கள், பலர் சாமி கும்பிட்டுவிட்டு அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

கே: நார்த்தாமலையில் மதியம் ஏறலாமா? தொப்பி போட்டுக்கொள்கிறோம்.

ப: கூடாது.

கே: சாப்பாட்டுக்கு எந்த ஓட்டல்?

ப: அது என் துறை இல்லை. ஓட்டுநரைக் கேளுங்கள். சாப்பிட்டதும் திருக்கோகர்ணம் அருங்காட்சியகம் போகலாம், வெள்ளிக்கிழமை வேண்டாம், விடுமுறை.