கருவிக்கு நிதி: கல்லூரி ஆய்வகங்களின் கேள்விகள்

சென்ற இதழில் கல்லூரி ஆய்வகக் கருவிகளுக்கு அரசு நிதி பெறுவது பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினை அளக்க எச்.பி.எல்.சி. கருவி (கரைசலில் கலந்துள்ள பொருள்களைப் பிரித்து அளப்பது) கேட்டு விண்ணப்பித்தோம். 'தேவைக்கான நியாயம் போதவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன குறை?
— வேதியியல் உதவிப் பேராசிரியர், ஈரோடு

"எங்கள் கல்லூரியில் இந்தக் கருவி இல்லை, மாணவர்கள் வெளியே போக வேண்டியிருக்கிறது" என்ற வரியே உங்கள் விண்ணப்பத்தின் முதுகெலும்பாக இருந்திருக்கும் என்று நினைக்கிறோம். இல்லாத கல்லூரிகள் ஆயிரம் இருக்கின்றன. மதிப்பீட்டாளர் தேடுவது மூன்று பதில்களை: இந்தக் கருவியால் மட்டும் தீரக்கூடிய கேள்வி என்ன, வாரத்தில் எத்தனை மணி நேரம் கருவி ஓடும், அதை ஓட்டப்போவது யார்.

முதல் கேள்வியிலேயே பலர் சறுக்குகிறார்கள். மொத்தக் குர்குமினாய்டு (குர்குமின் வகைப் பொருள்கள்) அளவு மட்டும் போதும் என்றால், 425 நானோமீட்டர் அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும் யு.வி.-விசிபிள் கருவியே அதைச் சொல்லிவிடும், எச்.பி.எல்.சி. எதற்கு என்று மதிப்பீட்டாளர் நிச்சயம் கேட்பார். குர்குமின், டிமெத்தாக்சி குர்குமின், பிஸ்டிமெத்தாக்சி குர்குமின் மூன்றையும் தனித்தனியே பிரித்து அளக்கத்தான் எச்.பி.எல்.சி. தேவை. மஞ்சளை அவிக்கும் நேரம், காயவைக்கும் முறை, கிடங்கில் இருக்கும் மாதங்கள் இவற்றால் அந்த மூன்றின் விகிதம் எப்படி மாறுகிறது என்று கேள்வியை வையுங்கள். 2019-இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால், இந்தக் கேள்வியின் விடைக்காக உங்கள் ஊரிலேயே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அடுத்து கணக்கு. வாரம் 30 மாதிரி, ஒவ்வொன்றும் 3 முறை, ஆக 90 ஊசி (கருவிக்குள் மாதிரியைச் செலுத்தும் முறை). ஒன்றுக்கு 15 நிமிடம் என்றால் 22½ மணி நேரம். தரக்கரைசல், வெற்றுக்கரைசல், பொருள்களைப் பிரிக்கும் குழாயான 'காலத்தை' (column) கழுவுதல் எல்லாம் சேர்த்தால் 28 மணி நேரம். ஒரு நாளைக்கு 7 மணி நேரம் வேலை என்றால் வாரத்தில் 4 நாள். மீதி நாளை எந்தத் துறை, எந்த நிறுவனம் பயன்படுத்தும் என்பதையும் எழுதுங்கள். நிறுவனத்திடம் வாங்கும் கடிதத்தில் "ஆதரவு தருகிறோம்" என்ற வாசகத்தால் பயனில்லை. "மாதம் 20 மாதிரி தருவோம், முடிவை இன்ன வேலைக்குப் பயன்படுத்துவோம்" என்று எண்ணோடு இருந்தால்தான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு.

கரைப்பான் செலவையும் அதே கணக்கிலிருந்து எடுக்கலாம். நிமிடத்துக்கு 1 மில்லி ஓட்டம் என்றால், கழுவுதலோடு வாரம் சுமார் 2 லிட்டர். பாதி அசிட்டோநைட்ரைல் என்று வைத்தாலும், ஆண்டுக்கு 40 வாரத்தில் 40 லிட்டர், அதாவது 2.5 லிட்டர் பாட்டில் 16. இந்த ஒரு வரி விண்ணப்பத்தில் இருந்தால், கருவியை ஓட்டத் தெரிந்தவர்தான் எழுதியிருக்கிறார் என்பது படிப்பவருக்கு உடனே புரியும்.

கடைசியாக ஒன்று. நாடு முழுக்க உள்ள ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் தளத்தில், பக்கத்து ஊர்களில் இதே கருவி எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள். மதிப்பீட்டாளரும் தேடுவார். இருந்தால் அதை மறைக்க வேண்டாம். அங்கே காத்திருப்பு எத்தனை வாரம், ஒரு மாதிரிக்குக் கட்டணம் எவ்வளவு, அது ஏன் உங்கள் வேலைக்குப் போதாது என்று எழுதுங்கள்.

தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) பார்க்க ஏ.ஏ.எஸ். (அணு உறிஞ்சல் நிறமாலை) கருவி கேட்கப்போகிறோம். ஏற்றுமதித் தோல் தொழிற்சாலைகள் உடன் வரத் தயார். வாய்ப்பு எப்படி?
— துறைத்தலைவர், வாணியம்பாடி

தவறான கருவியைக் கேட்கப்போகிறீர்கள். ஏ.ஏ.எஸ். மொத்தக் குரோமியத்தை அளக்கும். இணைதிறன் மூன்றா ஆறா என்று அது தானாகப் பிரித்துச் சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் தோலில் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம். அதை அளப்பதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17075 முறையின் முதல் பகுதி, டைபினைல் கார்பசைடு சேர்த்து 540 நானோமீட்டரில் நிறம் பார்ப்பது. நல்ல யு.வி.-விசிபிள் கருவி, ஆக்சிஜன் புகாமல் சாறு எடுக்க நைட்ரஜன் அல்லது ஆர்கான் வசதி, குலுக்கும் கருவி, பி.எச். மீட்டர் இருந்தால் போதும். சாயம் போட்ட தோலின் நிறம் இடைஞ்சல் செய்தால் இரண்டாம் பகுதியில் உள்ள, பொருள்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபி முறைக்குப் போக வேண்டும். கழிவுநீரில் மொத்தக் குரோமியமும் உங்கள் ஆய்வில் உண்டு என்றால் மட்டும் ஏ.ஏ.எஸ். பற்றி யோசியுங்கள். தோல் துறை மதிப்பீட்டாளர் ஒருவர் குழுவில் இருந்தால், முதல் பக்கத்திலேயே இதைப் பிடித்துவிடுவார்.

எங்கெங்கே விண்ணப்பிக்கலாம்?
— கோவில்பட்டி வாசகர்

முதுநிலை அறிவியல் துறை உள்ள கல்லூரிக்கு, அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000-இல் தொடங்கிய 'ஃபிஸ்ட்' திட்டம். ஐந்து ஆண்டு நீளும் உதவி என்பதால் கருவியோடு பராமரிப்பையும் சேர்த்தே திட்டமிடலாம். இளநிலைப் பாடங்களை வலுப்படுத்த, உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் கல்லூரித் திட்டம். பொறியியல், பாலிடெக்னிக் ஆய்வகங்களில் காலாவதியான கருவியை மாற்ற, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் 'மோட்ராப்ஸ்' திட்டம். தனி ஆய்வுத் திட்டத்துக்குள் கருவி கேட்பதென்றால், 2023 சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. முன்பு இந்த நிதியைத் தந்துவந்த செர்ப் வாரியம் அதற்குள் இணைந்துவிட்டது. அழைப்பு வந்தபின் ஓடாமல் இருக்க, யு.ஜி.சி. அங்கீகாரத்தையும் நிதி பெறும் தகுதியையும் காட்டும் 2(எஃப்), 12(பி) சான்று, அரசு நிதியைக் கண்காணிக்கும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பதிவு, அறக்கட்டளை நடத்தும் கல்லூரியானால் தன்னார்வ அமைப்புகளுக்கான தர்பண் எண் ஆகியவற்றை இப்போதே கோப்பில் வையுங்கள்.

கொட்டேஷனில் உள்ள தொகையை அப்படியே போட்டோம். அனுமதி வந்தபின் பணம் போதவில்லை. எங்கே பிசகியது?
— மதுரை வாசகர்

மூன்று இடங்களில் பிசகியிருக்கலாம். ஒன்று ஜிஎஸ்டி. ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீதச் சலுகை 2022 ஜூலை 18 முதல் விலக்கப்பட்டது. அதற்கு முந்தைய விண்ணப்பத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்னும் 5 என்றே போடுகிறார்கள். 20 லட்ச ரூபாய்க் கருவிக்கு 18 சதவீதம் என்றால் வரி மட்டும் 3.60 லட்சம், 5 சதவீதத்தில் அது 1 லட்சம்தான். இந்த 2.60 லட்சத்துக்கு எங்கே போவது?

இரண்டாவது, கொட்டேஷனின் ஆயுள். அது பெரும்பாலும் 60 அல்லது 90 நாளுக்குத்தான் செல்லும். அனுமதி வர ஓராண்டுகூட ஆகலாம். இறக்குமதிக் கருவியானால் டாலர், யூரோ விலையும் ஏறியிருக்கும். விண்ணப்பத்தில் அன்றைய மாற்று விகிதத்தைத் தேதியோடு குறிப்பிட்டு, ஏற்றத்துக்கும் ஓரளவு இடம் விடுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: கருவியின் 'உடல்' விலையை மட்டும் வாங்கியிருப்பீர்கள். எச்.பி.எல்.சி. என்றால் காலம் (பிரிப்புக் குழாய்), அதைக் காக்க முன்னால் வைக்கும் கார்டு காலம் (guard column), வாயு நீக்கி, கணினி, மென்பொருள் உரிமம், 0.45 மைக்ரான் வடிகட்டும் அமைப்பு, தூய நீர் கருவி, ஆன்லைன் யு.பி.எஸ். எல்லாம் தனித்தனி வரிகளாக வர வேண்டும். பொதி, சரக்குக் கட்டணம், காப்பீடு, நிறுவுதல், பயிற்சி யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு) என்றால் உதிரிபாகம் பெரும்பாலும் சேராது, சி.எம்.சி. (முழுப் பராமரிப்பு) என்றால் சேரும். உத்தரவாதம் முடிந்தபின் 2 ஆண்டுக்கான சி.எம்.சி. விலையைக் கருவி வாங்கும்போதே பேசி எழுதி வாங்குங்கள். பிறகு கேட்டால் பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.

ஒரே நிறுவனத்தின் கருவிதான் வேண்டும். டெண்டர் இல்லாமல் வாங்க முடியுமா?
— திருச்சி வாசகர்

மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளின் 166-ஆம் விதி, தனியுரிமைப் பொருள் சான்றோடு (வேறு நிறுவனப் பொருள் பொருந்தாது என்ற சான்று) ஒரே விற்பனையாளரிடம் வாங்க இடம் தருகிறது. ஆனால் 'எங்களுக்குப் பழகிய பிராண்ட்' என்பது காரணமாகாது. ஏற்கெனவே உள்ள கருவியோடு பொருந்தும் பாகம் போன்ற தொழில்நுட்பக் காரணம் வேண்டும். டெண்டர் விட்டாலும் ஒரு நிறுவனத்தின் கையேட்டை அப்படியே விவரக்குறிப்பாகப் போடாதீர்கள். மற்ற நிறுவனங்கள் ஆட்சேபித்தால் கொள்முதலே நின்றுவிடும். '190 முதல் 1100 நானோமீட்டர், இரட்டைக் கதிர், பட்டை அகலம் 2 நானோமீட்டருக்கு மிகாமல்' என்று தேவையைச் சொல்லுங்கள். தொகையைத் துண்டு துண்டாக்கி டெண்டரைத் தவிர்ப்பதை 157-ஆம் விதி தடுக்கிறது. தணிக்கை முதலில் பார்ப்பதே அதைத்தான்.

எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலைக் கருவி) வந்து 7 மாதமாகப் பெட்டியில் இருக்கிறது. அறை தயாராகவில்லை. உத்தரவாதம் என்னாகும்?
— தூத்துக்குடி வாசகர்

ஒப்பந்தத்தை உடனே எடுத்துப் பாருங்கள். 'நிறுவிய நாளிலிருந்து 12 மாதம், அல்லது அனுப்பிய நாளிலிருந்து 15 மாதம், எது முன்னதோ அது' என்ற வகை வரி இருந்தால், இன்றே நிறுவினாலும் உங்களுக்கு மிச்சம் அதிகபட்சம் 8 மாதம்தான். காரணத்தை விளக்கி, நிறுவிய நாளிலிருந்து கணக்கிடும்படி எழுத்தில் கேளுங்கள்; நிலுவைத் தொகை இன்னும் உங்களிடம் இருந்தால் கேட்பதற்கு வலு இருக்கும். இனி வாங்கும்போது, கடைசி 10 சதவீதத்தை நிறுவிச் சோதித்த பிறகே தருவதாக நிபந்தனை வையுங்கள்.

கடலோர ஊர் என்பதால் இன்னொரு எச்சரிக்கை. எஃப்.டி.ஐ.ஆர். கருவியின் கதிர்ப்பிரிப்பான் (ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் பாகம்) பெரும்பாலும் பொட்டாசியம் புரோமைடால் ஆனது, ஈரத்தில் மங்கிப்போகும். மாலையில் ஏ.சி.யையும் கருவியையும் அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் அதற்கு எமன். கருவியை ஓய்வு நிலையில் எப்போதும் மின்சாரத்தோடு வைத்தால், உள்வெப்பம் ஈரத்தை அண்ட விடாது. ஈரம் உறிஞ்சும் குப்பியின் நிறத்தை வாரந்தோறும் பாருங்கள், அறையில் ஈரநீக்கி வையுங்கள். இன்னும் ஆர்டர் கொடுக்காதவர்கள் ஈரத்தைத் தாங்கும் துத்தநாக செலினைடால் ஆன ஒளியியல் பாகங்கள் கிடைக்குமா என்று கேட்கலாம்.

அறைக்கு நிறுவனத்தின் முன்தயாரிப்புப் பட்டியலை ஆர்டருக்கு முன்பே வாங்குங்கள். தனி எர்த் குழி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்குக் குறைவு, ஏ.சி.க்குத் தனி இணைப்பு. இவை இல்லாமல் பொறியாளர் வந்து திரும்பிப்போன கல்லூரிகள் நிறைய. கட்டட வேலைக்குத் திட்டத்தில் பணம் இல்லை என்றால், நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதத்தைத் தேதியோடு விண்ணப்பத்திலேயே இணைத்துவிடுங்கள்.

மார்ச்சில் ஆர்டர் போட்டு, ஏப்ரலில் பணம் கொடுத்தோம். நிதியைச் செலவிட்டதற்குத் தரும் பயன்பாட்டுச் சான்றிதழில் எந்த ஆண்டில் காட்டுவது?
— கணக்கு அலுவலர், கும்பகோணம்

பணம் போன ஆண்டில். ஆர்டர் போட்டது செலவாகாது. மார்ச் 31-இல் அந்தத் தொகை செலவிடாத இருப்பு. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல நிதி தந்த துறையின் அனுமதியைக் கேளுங்கள். சான்றிதழின் படிவம், பொது நிதி விதிகளில் (ஜி.எஃப்.ஆர்.) உள்ள 12-ஏ. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. ஆனால் அடுத்த தவணை இதற்காகக் காத்திருப்பதால் ஏப்ரல், மே மாதத்திலேயே முடிப்பது நல்லது. கருவிச் செலவையும் தொடர்செலவையும் ஒரே சான்றிதழில் கலக்காமல் தனித்தனியே கொடுங்கள். நிதிக் கணக்கில் விழுந்த வட்டி கல்லூரியின் வருமானமல்ல, அரசின் பாரத்கோஷ் இணையதளம் வழியாக அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். கருவியைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பழுதானாலும் நிதி தந்தவர்களின் அனுமதி இல்லாமல் விற்கவோ கழிக்கவோ கூடாது. பக்கத்திலேயே ஒரு பயன்பாட்டுப் பதிவேட்டையும் வைத்து, தேதி, பயனாளர், மாதிரி எண்ணிக்கை, ஓடிய நேரம் ஆகியவற்றை எழுதிவாருங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு நீங்கள் இணைக்கப்போவது அந்தப் பக்கங்களைத்தான்.