டி செல் எப்படி நோயைக் கண்டுபிடிக்கிறது? ஒரு அரிசி மண்டிப் பதில்

கேள்வி இதுதான்: மாமாவுக்கு ரத்தப் புற்றுநோய், டாக்டர் 'கார் டி செல் சிகிச்சை' என்று ஒன்றைச் சொல்கிறார், டி செல் எப்படி நோயை அடையாளம் காண்கிறது, அதை எப்படி மருந்தாக்குகிறார்கள்?

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு பதினொரு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். சிகிச்சை முடிவை டாக்டரிடம் விட்டுவிடுங்கள், விஷயம் புரிவதற்கு மட்டும் இந்தப் பதில். டி செல் என்பது நோயை எதிர்க்கும் ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை.

பாடப்புத்தகத்தில் பூட்டு, சாவி என்று படம் போட்டிருப்பார்கள். ஆன்டிபாடி என்ற நோய் எதிர்ப்புப் புரதத்துக்கு அது ஓரளவு சரி. அது வெளியே மிதக்கும் கிருமியையோ செல்லின் தோலில் இருப்பதையோ நேரடியாகப் பிடித்துவிடும். டி செல்லின் வேலை வேறு. வைரஸ் செல்லுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டால் வெளியிலிருந்து எப்படித் தெரியும்? புற்றுநோயும் பெரும்பாலும் உள்ளேதான் கெட்டுப்போயிருக்கும்.

என் அப்பா திருநெல்வேலி டவுனில் ஒரு அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். லாரியில் மூட்டை வந்து இறங்கினால் ஒன்றையும் பிரிக்க மாட்டார்கள். குத்தூசியைச் சாக்கில் சொருகி இழுத்தால் அதன் குழிவில் கொஞ்சம் அரிசி வரும், அதை உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்துக்குக் காட்டுவார். பழுப்பு இருக்கிறதா, நொய் எவ்வளவு, ஒரு அரிசியைக் கடித்துப் பார்ப்பது, அவ்வளவுதான். மூட்டை உள்ளே போகுமா திரும்புமா என்று அந்த ஒரு பிடியில் முடிவாகிவிடும்.

நம் செல்கள் இதை ராத்திரி பகலாகச் செய்கின்றன. உள்ளே இருக்கும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, எட்டிலிருந்து பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்குகளை எச்எல்ஏ என்ற மூலக்கூறின் பள்ளத்தில் வைத்து வெளியே நீட்டுகின்றன. அதுதான் உள்ளங்கை. (எச்எல்ஏ முதல் வகையைச் சொல்கிறேன். டி செல்களில் சிடி8, சிடி4 என்று இரண்டு முக்கிய ரகம், சிடி8 செல்கள் பார்ப்பது இதை. சிடி4 செல்கள் பார்க்கும் இரண்டாம் வகையில் துணுக்கு இன்னும் நீளம்.) டி செல்லின் தோலில் இருந்து இதைத் தொட்டுப் பார்க்கும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். அது ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு சங்கிலிகள் சேர்ந்தது, அந்தக் கையின் மேல் சற்றே குறுக்காக வந்து படிகிறது. அதன் நடுவளையங்கள் துணுக்கைத் தொடும், ஓரங்கள் எச்எல்ஏயைத் தொடும். அதாவது அது அரிசியை மட்டும் பார்ப்பதில்லை, அரிசியை வைத்திருக்கும் கை யாருடையது என்றும் பார்க்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் இருந்த டொஹர்ட்டியும் ஜிங்கர்நாகலும். டொஹர்ட்டி படித்தது கால்நடை மருத்துவம், அதனால் எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம். வைரஸ் தாக்கிய ஓர் எலியின் டி செல், அதே வைரஸ் உள்ள வேறு இன எலியின் செல்லைக் கொல்லவில்லை. வைரஸ் ஒன்றுதான், கை வேறு. 1974-இல் வெளியிட்டார்கள், 1996-இல் நோபல் கிடைத்தது.

இன்னொரு ஆச்சரியம், ஏற்பியின் பிடி ரொம்ப இளக்கம். தொட்டு சில நொடிகளில் விட்டுவிடும். ஆனாலும் ஒரு செல்லில் லட்சக்கணக்கான கைகள் நீட்டிக்கொண்டிருக்க, அதில் தப்பான துணுக்கு விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தாலும் டி செல் விழித்துக்கொள்ளும். சொந்த உடம்பையே தாக்கிவிடாதா என்றால், அதற்குத்தான் நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற உறுப்பு இருக்கிறது. அங்கே உருவாகும் டி செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தேறாமல் செத்துப்போகின்றன. கையையே கண்டுகொள்ளாததும் கழியும், சொந்தத் துணுக்கைப் பார்த்து வெறி பிடிப்பதும் கழியும்.

சரி, சிகிச்சை. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்லைப் பிரித்து, புற்றுநோய்த் துணுக்கை அறியும் ஏற்பியின் மரபணுவை அதற்குள் ஏற்றி, கோடிக்கணக்கில் பெருக்கித் திரும்ப ஏற்றுவது ஒரு வழி. திடக்கட்டிகளுக்கு இப்படி முதலில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அஃபாமி செல் என்ற சிகிச்சை, 2024 ஆகஸ்டில், சைனோவியல் சார்கோமா என்ற அரிய புற்றுநோய்க்கு. 44 பேரில் 19 பேருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் நோயாளிக்கு ஏ2 குடும்பத்தில் குறிப்பிட்ட சில எச்எல்ஏ ரகங்கள் இருக்க வேண்டும். வெள்ளைக்காரர்களில் அந்தப் பட்டியலில் உள்ள 02:01 என்ற ரகம் ஏராளம். நம் ஊர்ப்பக்க ரத்தத்தில் ஏ2 வந்தாலும் 02:11 என்ற ரகம் நிறைய வருகிறது, அது அந்தப் பட்டியலில் இல்லை. மருந்து ஒரு கைக்கென்றே தைத்த கையுறை மாதிரி ஆகிவிடுகிறது.

பிடியை இறுக்கினால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி நினைத்து ஒரு ஏற்பியை இறுக்கினார்கள், மேஜ் ஏ3 என்ற புற்றுநோய்ப் புரதத்துக்காக. முதலில் ஏற்றிக்கொண்ட இரண்டு பேருமே இதயம் தாக்கப்பட்டு சில நாட்களில் இறந்துபோனார்கள். 2013-இல் விவரம் வெளிவந்தது. இதயத் தசையில் டைட்டின் என்ற புரதம் இருக்கிறது. அதன் ஒரு துணுக்கும் மேஜ் துணுக்கும் ஒன்பது அமினோ அமிலங்களில் ஐந்து ஒன்றேபோல, நான்கு வேறு. அந்த ஐந்தே போதுமாக இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாமாவுக்குச் சொன்ன கார் டி இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகிறது. டி செல்லுக்கு ஆன்டிபாடியின் பிடியைப் பொருத்திவிடுகிறார்கள், அது பி செல் என்ற இன்னொரு வெள்ளையணு ரகத்தின் தோலில் இருக்கும் சிடி19 என்ற புரதத்தை நேராகப் பிடிக்கும், எச்எல்ஏ எந்த ரகம் என்று பார்க்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது, அதனால்தான் பி செல் ரத்தப் புற்றுநோய்களில் முதலில் ஜெயித்தது. அமெரிக்காவில் 2017-இல் வந்தது. இங்கே பம்பாய் ஐஐடியும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அங்கே மருந்துக்கு மட்டும் 3 கோடிக்கு மேல், இங்கே வந்த புதிதில் 40 லட்சம் அளவில். குறைவு என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஏற்றிய முதல் வாரங்களில் கடும் காய்ச்சலும் ரத்த அழுத்த இறக்கமும் வரலாம், அதற்குத் தயாரான ஆஸ்பத்திரியா என்று கட்டாயம் கேளுங்கள். மாமாவின் செல்லில் சிடி19 இருக்கிறதா என்பது ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற, செல்லின் தோலில் உள்ள புரதங்களைப் பார்க்கும் பரிசோதனையின் ரிப்போர்ட்டில் இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்று என்று பேச்சு வந்தால் மட்டும் எச்எல்ஏ டெஸ்ட் எடுப்பார்கள். என் அத்தை மகனுக்கு எடுத்தோம், அவன் தம்பிக்கும். முழுசாகப் பொருந்தவில்லை. "ஒரே வயித்துல பெறந்த பிள்ளையளுக்கு எப்படிய்யா ஒத்துக்காமப் போவும்?" என்று அத்தை என் சட்டையைப் பிடிக்காத குறை. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வருகிறது அத்தை, கூடப்பிறந்தவனுக்கு முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான் என்று காகிதத்தில் நாலு கட்டம் போட்டுக் காட்டினேன். அந்த ரிப்போர்ட்டும் ஒரு வாரம் தாமதம், ஏனென்றால் ரத்தத்தை உறையவிடாத ஊதா மூடி டியூபில் எடுக்காமல் சிவப்பு மூடியில் எடுத்துச் சென்னைக்குக் கூரியர் போட்டுவிட்டார்கள். என் கூடம் இல்லை, வேறு இடம். உங்களுக்கும் எடுக்கச் சொன்னால், ஊசி குத்துமுன் மூடி என்ன நிறம் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.