எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பயிற்சியாளர் 4.49 பெல்லட் வாங்கச் சொன்னார். கடையில் 4.50தான் இருந்தது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசம், அதில் என்ன ஆகிவிடப் போகிறது? – கோவை வாசகி

பதில்: டப்பாவில் அச்சிட்டிருக்கும் அந்த எண், பெல்லட் எனும் சின்ன ஈயக் குண்டின் தலை விட்டம், மில்லிமீட்டரில். பொதுவாக 4.48 முதல் 4.52 வரை கிடைக்கும். பேரலின், அதாவது துப்பாக்கிக் குழாயின், உள்வரிகளைத் தலைப்பகுதி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் ரைஃபிள்கள் இரண்டு இருந்தாலும் ஒன்றுக்கு 4.49 பிடிக்கும், இன்னொன்றுக்கு 4.51 பிடிக்கும். ஆகவே பெரியது நல்லதா, சின்னது நல்லதா என்று கேட்பதில் பயனில்லை. உங்கள் மகள் கையில் இருக்கும் பேரலுக்கு எது ஒத்துவருகிறது என்பது ஒன்றே கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போதும். அளவுக்கு இருபத்தைந்து பெல்லட் வீதம் கிளப்பில் கேட்டு வாங்குங்கள். மேசையில் மணல் பை வைத்து அதன்மேல் ரைஃபிளைக் கிடத்தி, ஒவ்வோர் அளவிலும் ஐந்து ஐந்தாக நான்கு குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் தொகுப்பு) சுடட்டும். அளவை மாற்றும்போது முதல் ஐந்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குரூப்பின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் மையத்துக்கு மையம் உள்ள தூரம் கிடைக்கும். வெளி அளவு 6 மில்லிமீட்டர் என்றால் மைய அளவு 1.5. அது நல்ல பெல்லட். வெளி அளவு 7.5 வந்தால் மைய அளவு 3 மில்லிமீட்டர், அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை. 10 மீட்டர் இலக்கில் 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர்தான். குழந்தை சரியாகப் பிடித்து, சரியாக டிரிக்கர் இழுத்தாலும் உச்சப் புள்ளியான 10.9 வர வேண்டிய இடத்தில் 10.3 வரும். அந்தத் தவறை அவள் தன்மேல் போட்டுக்கொண்டு, ஒழுங்காக இருந்த நிலையை மாற்ற ஆரம்பிப்பாள். நாங்கள் அஞ்சுவது இந்த இழப்பைத்தான். புள்ளி போனால் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

எடையையும் பாருங்கள். ரைஃபிளுக்கு 0.53 கிராம், தட்டைத் தலை வகை. 0.45 கிராம் பெல்லட் பெரும்பாலும் பிஸ்டலுக்கானது. தட்டைத் தலை காகிதத்தை வட்டமாக வெட்டும், புள்ளி எண்ணச் சுலபம். அன்றாடப் பயிற்சிக்கு ஒரு படி மலிவான டப்பா போதும். ஆனால் தேர்வுப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே போட்டிப் பெல்லட்டுக்கு மாறிவிடுங்கள்.

டப்பா கீழே விழுந்தால் பெல்லட்டின் பின்னால் விரிந்திருக்கும் பாவாடைப் பகுதி நசுங்கும். கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள். வளைந்து தள்ளாடி ஓடுவதை ஒதுக்குங்கள். இன்னொன்று: எடுக்க வசதி என்று பெல்லட்டை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் சில பிள்ளைகளிடம் உண்டு. அது ஈயம். உடனே நிறுத்துங்கள். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் தின்பண்டத்தைத் தொடக் கூடாது.

கேள்வி: பாயின்ட் டூ டூ (.22) ரைஃபிளில் 50 மீட்டர் ப்ரோன் (படுத்துச் சுடும் பிரிவு) சுடுகிறேன். நண்பர் ஹை வெலாசிட்டி தோட்டா வாங்கச் சொல்கிறார். வேகமாகப் போனால் காற்று தள்ளும் நேரம் குறையும், சரிவும் குறையும் என்கிறார். சரியா? – சென்னை வாசகர்

பதில்: சரிவு குறைவது உண்மை. காற்று விஷயத்தில் நண்பர் சொல்வது தவறு. பலரும் ஏமாறுகிற இடம் இது.

மேட்ச் தோட்டா, அதாவது போட்டிக்கென்று செய்யும் வகை, வினாடிக்கு ஏறத்தாழ 325 மீட்டரில் புறப்படும். ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பத்தில் 343 மீட்டர். ஆகவே மேட்ச் குண்டு தொடக்கம் முதல் கடைசி வரை ஒலிக்குக் கீழேயே பறக்கிறது. ஹை வெலாசிட்டி 380 மீட்டர் வாக்கில் கிளம்பும். அந்த வேகத்தில் காற்றின் தடை மிக அதிகம். 50 மீட்டரை நெருங்கும்போது ஒலியின் வேகத்துக்கு இறங்கி, அந்த எல்லையைத் தாண்டும் நேரத்தில் குலுக்கல் வாங்கும். பக்கக் காற்று குண்டை எவ்வளவு ஒதுக்கும் என்பது மொத்தப் பயண நேரத்தைப் பொறுத்ததல்ல. வழியில் வேகம் குறைந்ததால் கூடுதலாக எடுத்துக்கொண்ட நேரத்தைப் பொறுத்தது. ஹை வெலாசிட்டி குண்டு அந்த 50 மீட்டருக்குள் மேட்ச் குண்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகத்தை இழக்கிறது. அதனால் அதே காற்றில் அதுதான் அதிகம் விலகும்.

அந்த வகைக்கும் வேலை உண்டு. தானாகத் தோட்டா ஏற்றும் .22 ரைஃபிள்களில் பேரலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ள அழுத்தம் வேண்டும். அங்கே அது தடையின்றி ஓடும். ப்ரோன் சுடும் போல்ட் ரைஃபிளுக்கு வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? எடை எல்லாவற்றிலும் 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம்தான். ஈலி டெனெக்ஸ், ஆர்டபிள்யூஎஸ் ஆர் 50, லாபுவா மைடாஸ் பிளஸ் என்று விலை ஏற ஏற நீங்கள் காசு கொடுப்பது வேகத்துக்கு அல்ல, சீர்மைக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 மீட்டரைக் கடக்க மேட்ச் குண்டு சுமார் 0.16 வினாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் 12 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. ஒரு தோட்டா மற்றதைவிட வினாடிக்கு 10 மீட்டர் மெதுவாகப் போனால் 7 முதல் 8 மில்லிமீட்டர் கீழே விழும். பத்து வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்!

பயிற்சிக்கு எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், ஈலி கிளப் போன்றவை தாராளமாகப் போதும். மண்டியிட்டும் நின்றும் சுடும்போது உங்கள் ஆட்டமே தோட்டாவின் பிழையைவிடப் பெரிது. அங்கே விலை உயர்ந்த பெட்டியைக் காலி செய்வது வீண். ப்ரோனில்தான் தோட்டாவின் குணம் வெளியே தெரியும். பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த பனி நாட்டு பயத்லான் போட்டிக்கென்று குளிரில் இறுகாத மெழுகு பூசிய வகை ஒன்று வருகிறது. சென்னைக்கு அது தேவையே இல்லை.

கேள்வி: 'லாட் டெஸ்ட்' செய்யாமல் மேட்ச் தோட்டா வாங்காதே என்கிறார்கள். எங்கள் ரேஞ்சில் ரைஃபிளைப் பூட்டிவைக்கும் இடுக்கி கிடையாது. வேறு வழி? – மதுரை வாசகர்

பதில்: வழி உண்டு, பொறுமைதான் வேண்டும். 50 தோட்டா கொண்ட சின்னப் பெட்டியின் ஓரத்தில் லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், இருக்கும். ஒரே பெயர், ஒரே விலை, வேறு லாட் என்றால் உங்கள் பேரலுக்கு அது வேறு தோட்டா என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் அடியாகும் .22 தோட்டாவில் வெடிமருந்துக் கலவை விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்படுகிறது. அந்தப் பரவல், விளிம்பின் தடிமன், குண்டின் மெழுகு எல்லாமே லாட்டுக்கு லாட் இம்மியளவு மாறும்.

காற்று எழும் முன் விடியற்காலையில் தொடங்குங்கள். மேசை, முன்னால் ஒரு மணல் பை, பின்னால் ஒரு மணல் பை, ரைஃபிளில் பொருத்த முடிந்தால் டெலஸ்கோப். ஒரு லாட்டுக்கு ஒரு பெட்டி. முதல் பத்துத் தோட்டா பேரலுக்கு: முந்தைய தோட்டாவின் மெழுகு போய்ப் புதியது படியும்வரை குண்டுகள் அலையும். அடுத்து பத்து பத்தாக நான்கு குரூப். லாட்டுக்கு லாட் பேரலைச் சுத்தம் செய்யாதீர்கள். கம்பெனியே மாறினால் பத்துக்குப் பதில் இருபது விடுங்கள், அதற்கு இரண்டு பெட்டி ஆகும்.

இனி முடிவு எடுப்பது. எல்லோரும் நான்கில் சிறிய குரூப்பைப் பிடித்துக்கொண்டு பூரித்துப்போவார்கள். நீங்கள் நான்கில் பெரிய குரூப்பைப் பாருங்கள். பத்து வளையம் 10.4, குண்டின் விட்டம் 5.6, விளிம்பு தொட்டாலே பத்து என்பதால் குண்டின் மையங்கள் 16 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் நின்றால் பத்து நிச்சயம். காகிதத்தில் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்தால் அது 21.6. ஒரு லாட் மூன்று முறை 17 காட்டி, நான்காம் முறை 25 காட்டினால் தள்ளிவிடுங்கள். நான்கு முறையும் 19, 20 என்று நிற்கும் லாட் அதைவிட மேல். போட்டியில் அறுபது தோட்டா போக வேண்டும். அந்த ஓடிப்போகும் ஒன்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பிடித்த லாட் கிடைத்தால் அந்தப் பருவத்துக்கு வேண்டியதை, உங்கள் உரிமத்தின் அளவுக்குள், ஒரேயடியாக வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் அந்த எண் கடையில் இருக்காது.

கேள்வி: போட்டியின் நடுவே டிரிக்கர் இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லை. உடனே போல்ட்டைத் திறந்தேன். பக்கத்தில் நின்றவர் திட்டினார். என்ன தவறு? – திருச்சி வாசகர்

பதில்: அவர் திட்டியது நியாயம். மருந்து தாமதமாகப் பற்றுவது உண்டு. குழாய் முனை இலக்கை நோக்கியபடியே அரை நிமிடம் காத்திருங்கள், கை தூக்கி ரேஞ்ச் அதிகாரிக்குத் தெரியப்படுத்துங்கள், அதன்பின் திறங்கள்.

இதைவிட ஆபத்தானது, வழக்கமான சத்தம் வராமல் 'புஸ்' என்று அமுங்கிய சத்தம் வருவது. குண்டு பேரலின் நடுவில் நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் பேரல் புடைத்து ரைஃபிளே போய்விடும். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் ஒரு தோட்டாவும் உள்ளே போகக் கூடாது.

மேட்ச் ரைஃபிளின் சேம்பர், அதாவது தோட்டா அமரும் இடம், மிக இறுக்கமானது. தோட்டாவை உள்ளே தள்ளும்போதே குண்டின் மூக்கு பேரல் வரிகளில் கடித்துக்கொள்ளும். சுடாத தோட்டாவை வெளியே இழுத்தால் சில சமயம் கூடு மட்டும் கையோடு வரும், குண்டு உள்ளேயே நிற்கும், மருந்துப் பொடி டிரிக்கர் பகுதிக்குள் சிந்தும். ஆகவே சுடும் எண்ணம் உறுதியான பிறகே தோட்டாவை ஏற்றுங்கள்.

கேள்வி: வீட்டில் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் இருக்கிறது. தோட்டத்தில் குறி பழக எந்தப் பெல்லட்? கொக்கு, புறா சுடலாமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் அதைக் கொண்டு எதையும் சுடலாம் என்று அர்த்தமில்லை.

தகர டப்பா, காகித இலக்கு என்றால் 15 மீட்டர் வரை தட்டைத் தலை, அதற்கு மேல் உருண்டைத் தலை. 25 மீட்டரைத் தாண்டினால் தட்டைத் தலை தள்ளாட ஆரம்பிக்கும். எடை 0.5 முதல் 0.55 கிராம். அதிக வேகம் என்று விளம்பரப்படுத்தும் மிக இலேசான உலோகக் கலவைப் பெல்லட்டை வாங்காதீர்கள்: எதிர்க்காற்று போதாமல் பிஸ்டன் முன்சுவரில் மோதி ஸ்பிரிங்கும் சீலும் சீக்கிரம் போகும். எஃகு உருண்டைகள் பேரல் வரிகளைத் தேய்த்துவிடும். இலக்குக்குப் பின்னால் மண் மூட்டை அடுக்குங்கள், பலகை வேண்டாம்.

கேள்வி: நான் நார்வேயில் வசிக்கிறேன். வேட்டைத் தேர்வு முடித்து, இலையுதிர் காலத்தில் எல்க் மான் வேட்டைக் குழுவில் சேர்கிறேன். 6.5×55 வகைத் தோட்டா போடும் ரைஃபிள் வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு வாங்கிய முழு உறைக் குண்டுகள் மிச்சம் உள்ளன. அவற்றையே பயன்படுத்தலாமா? – ஓஸ்லோ வாசகர்

பதில்: இலக்குப் பலகைக்கு மட்டும். முழுக்க உலோக உறை போட்ட குண்டு விரியாது. விலங்கின் உடலைத் துளைத்து மெல்லிய பாதை போட்டுக்கொண்டு வெளியேறிவிடும். விலங்கு காயத்தோடு ஓடிக் காட்டுக்குள் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அதனால்தான் அங்கே பெரிய விலங்குக்கு விரியும் குண்டு கட்டாயம்.

எடையையும் ஆற்றலையும் சேர்த்துப் பாருங்கள். நார்வே விதிப்படி எல்க்குக்குக் குண்டு குறைந்தது 9 கிராம். 9 முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல் மிஞ்ச வேண்டும். 10 கிராமுக்கு மேல் என்றால் 2200 ஜூல் போதும். உங்கள் 6.5×55-இல் 9.1 கிராம் குண்டு அந்த 2700-இன் ஓரத்தில்தான் நிற்கும்; குட்டையான பேரலில் கீழே போய்விடலாம். 10.1 கிராம் குண்டு வாங்கினால் அந்தக் கவலை இல்லை. பெட்டியில் இரண்டு ஆற்றல் எண்கள் இருக்கும். குழாய் முனை எண்ணைப் பார்த்து ஏமாறாமல் 100 மீட்டர் எண்ணைப் படியுங்கள்.

பயிற்சிக் குண்டுக்கு வைத்த குறி வேட்டைக் குண்டுக்குப் பொருந்தாது. எடையும் வேகமும் மாறினால் 100 மீட்டரில் சில சென்டிமீட்டர் விலகும். பருவம் தொடங்கும் முன் வேட்டைக் குண்டிலேயே மூன்று மூன்றாகச் சுட்டுக் குறியை அதற்கே பூட்டிவிடுங்கள்.

கேள்வி: தோட்டாவை எத்தனை நாள் வைக்கலாம்? – வேலூர் வாசகர்

பதில்: உலர்ந்த, குளிர்ந்த இடமாக இருந்தால் பல ஆண்டுகள். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் ஒரு பகல் போதும், .22 குண்டின் மெழுகு உருகித் தூசியை ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூசி அப்படியே பேரலுக்குள் போகும். வெண்பொடி பூத்த குண்டுகளைப் போட்டிக்கு எடுக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல் ஒரு பொட்டலம், பூட்டிய அலமாரி. சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில்.